கை சொன்ன ஈரம்

நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் விரலால்தான். பனியன் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தரம் தேய்த்தால் போதும். கனம் எவ்வளவு, நூல் நல்லதா, சாயப்பட்டறையில் மென்மையாக்கும் சாஃப்ட்னர் போட்டார்களா அல்லது போட்டதாகச் சொன்னார்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் துணி குடோனில் இருபது வருடம் இந்த ஒரு வேலையைத்தான் செய்தேன். நான் சரி என்றால் துணி கட்டிங்குக்குப் போகும். இல்லை என்றால் வந்த வண்டியிலேயே திரும்பும். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. எனக்கு விரல் பேசிய அளவுக்கு வாய் பேசாது. பஸ்ஸில் கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவன் நான். பைக் வாங்கியதே அதற்காகத்தான்.

இப்படி இருந்தவனை ஒரு மாசி மாதம் ஆபீசுக்குள் கொண்டுபோய் மேஜை போட்டு உட்கார வைத்தார்கள். காரணம், எங்களிடம் வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய படிவத்தில் ‘ஹேண்ட் ஃபீல்’ என்று ஒரு வரி இருந்தது. தொட்டால் துணி எப்படி இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதற்குப் பொறுப்பாளர் யார், அவர் எங்கே உட்காருகிறார் என்று கேட்டிருந்தார்கள். குடோனில் சாக்குக் கட்டின் மேல் உட்காருகிறார் என்று எழுத எங்கள் மேனேஜருக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி, மேஜை மேல் ஆங்கிலத்தில் ஒரு போர்டு. போர்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ‘ஹேண்ட் ஃபீல் டிபார்ட்மென்ட்’ என்றார். டிபார்ட்மென்டில் நான் ஒருவன்தான். சரியாகச் சொன்னால் என் வலது கை மட்டும்தான்.

ஆபீசில் ஏசி பதினெட்டு டிகிரியில் ஓடும். இதற்கும் பையர் கொடுத்த விதிமுறைப் புத்தகம்தான் காரணம். துணியைப் பரிசோதிக்கும் அறை குளிர்ச்சியாக, ஒரே சீராக இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்ததாம். எங்கள் பரிசோதனை அறை என்பது ஆபீஸ் மூலையில் பிளைவுட் வைத்து மறைத்த இடம். பிளைவுட் கூரை வரைக்கும் போகவில்லை. ஆகவே அந்த மூலை குளிர வேண்டுமானால் ஆபீஸ் முழுக்கக் குளிர வேண்டும். துணிக்கு ஒரு குறையும் இல்லை. மனிதர்கள்தான் விறைத்துக் கிடந்தோம்.

வெளியே வெயில் தகர ஷெட்டை வறுத்துக்கொண்டிருக்கும். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண்கள், குளிர் நாட்டுக்கு என்று நாங்கள் தைத்த தொப்பி வைத்த ஸ்வெட் ஷர்ட்டின் சாம்பிள்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அளவெல்லாம் வெள்ளைக்கார ஆண்களுக்கானது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி அதற்குள் போனால் மூக்குக் கண்ணாடி மட்டும்தான் வெளியே தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது எல்லோரும் கழற்றிப் போட்டுவிட்டு வேர்ப்பார்கள். திரும்ப உள்ளே போய்த் தும்முவார்கள்.

ஏசி ரிமோட் மேனேஜரின் மேஜை டிராயரில் இருந்தது. அவர் நல்ல உடம்புக்காரர். குளிர்ந்தால்தான் ஆட்களுக்குத் தூக்கம் வராது என்பது அவர் கருத்து. டிகிரியைக் கூட்டச் சொல்லலாம்தான். அதற்கு எழுந்து, எட்டு மேஜை தாண்டிப் போய், அவர் போன் பேசி முடிக்கும் வரை நின்று, பிறகு வாயைத் திறக்க வேண்டும். நான் இரண்டு முறை ஐந்தாவது மேஜை வரை போயிருக்கிறேன்.

எனக்கு உடம்பு தாங்கியது. கைதான் தாங்கவில்லை. காலையில் உட்கார்ந்தால் பதினோரு மணிக்குள் விரல் நுனியெல்லாம் வெளுத்து, யாருடைய விரலோ மாதிரி ஆகிவிடும். மற்றவர்கள் கையைப் போர்த்திக்கொள்ளலாம். என் வேலையே கையைத் திறந்து வைப்பதுதான். உறை போட்டால் துணி தெரியாது. தேங்காய் எண்ணெய் தேய்த்தால் துணியில் கறை விழும். தொடைக்கு அடியில் கையை வைத்து உட்கார்ந்து பார்த்தேன். ஏதோ தப்பு செய்துவிட்டு உட்கார்ந்திருப்பவன் போல இருக்கிறது என்று பக்கத்து மேஜைப் பெண் சொன்னாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் சூடான காற்று வரும். எனக்குக் கம்ப்யூட்டர் இல்லை. அடுத்தவருடைய பெட்டியின் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். ஒயர் லூஸா என்று பார்க்கிறேன் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒயர் லூஸானால் என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அயர்னிங் பிரிவுக்குப் போய், அப்போதுதான் தேய்த்து அடுக்கிய பனியன்களுக்கு நடுவே கையை விட்டுக்கொண்டு நிற்பதும் உண்டு. அங்கே பீகார்க்காரர் ஒருவர் ஸ்டீம் அயர்ன் பிடிப்பார். இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள், “அண்ணா, கை குடு. பிரெஸ் பண்ணி பாலிபேக் போட்டுத் தரேன்” என்றார். அதோடு அங்கே போவதையும் விட்டேன்.

வீட்டில் சொன்னேன். “நெருப்பெரிச்சல்னு பேர வச்சுக்கிட்டு அங்க போய்க் கை சில்லுனு இருக்குதுங்கறீங்க. வெளிய சொல்லிறாதீங்க, சிரிப்பாங்க” என்றாள் மனைவி.

பங்குனி பாதியில்தான் ஈரம் ஆரம்பித்தது. சாயமேறிக் காய்ந்த துணியை நீராவி காட்டி, சூட்டு உருளைகளுக்கு நடுவே ஓட்டி, பின்னால் சுருங்காதபடி துணியை நெருக்கும் வேலைக்குக் காம்பேக்டிங் என்று பெயர். எங்களுக்கு அதைச் செய்து கொடுத்தவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒரே ஒரு மெஷின், அவரும் அவர் சம்சாரமும் இரண்டு ஆட்களும். எங்கள் கம்பெனி வேலைதான் அவருக்குச் சோறு. அவர் அனுப்பிய துணியை ஆபீஸ் மேஜையில் வைத்துத் தொட்டேன். ஈரம். சரியாகக் காயாமலே உருட்டி அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். அப்படி வந்த துணியை அடுக்கி வைத்தால் பூஞ்சைப் புள்ளி விழும். திருப்பி அனுப்பினேன். மறுபடி ஓட்டி அனுப்பினார். மறுபடி ஈரம். மூன்றாவது தடவையும் ஈரம்.

ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று பரிசோதனை மூலையில் இருந்தது. அதைச் சரிபார்த்த சான்றிதழ் காலாவதியாகிவிட்டதால் தொடக்கூடாது என்று ஒட்டி வைத்திருந்தார்கள். என் கைக்கு அப்படி யாரும் தேதி போட்டு ஒட்டவில்லை.

காம்பேக்டிங்காரர் துணி உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே ஆபீசுக்குள் வந்துவிட்டார். உருளையை என் மேஜையில் வைத்து, நான் கையில் இருந்த துணியைப் பார்த்து முடிக்கும் வரை நின்றார்.

“அண்ணாச்சி, ஒரு பொட்டு ஈரம் கெடயாது. கன்னத்துல வச்சுப் பாத்தேன், என் வீட்டுக்காரியும் பாத்தா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா எங்க இருக்குன்னு காட்டுங்க, நான் கத்துக்கிடுதேன்.”

நான் தொட்டேன். ஈரமாகத்தான் இருந்தது. இங்கே என்று காட்டினேன். அவர் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். உருளையை எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் மேனேஜர் அவருக்கு இனி வேலை கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, துணி தாமதமானதற்கு அவர்தான் காரணம் என்று பையருக்கு மெயிலும் அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தும்மல் வந்தது. டிராயரில் இரண்டு நாளாக மடித்தபடி இருந்த என் கைக்குட்டையை எடுத்தேன். ஈரமாக இருந்தது. யாரோ தண்ணீர் சிந்திவிட்டார்கள் என்று டிராயரைத் தடவினேன். டிராயரும் ஈரம். பக்கத்தில் இருந்த ஃபைலைத் தொட்டேன். அதுவும் ஈரம். ஹேண்ட் ஃபீல் டிபார்ட்மென்ட் போர்டைத் தொட்டேன். அதுவும் நசநசவென்று இருந்தது. என் விரலை நம்பினால் கம்பெனி முழுக்க நனைந்திருந்தது.

அப்போதுதான் விளங்கியது. குளிர்ந்த துணியை விறைத்த விரல் தொட்டால் அதற்குக் குளிர் எது, ஈரம் எது என்று தெரியவில்லை. இருபது வருடம் வெயிலிலும் புழுக்கத்திலும் பழகிய விரல். அதன் கணக்கில் சில்லென்று இருந்தால் ஈரம். அவ்வளவுதான்.

எழுந்து வெளியே வந்தேன். வாட்ச்மேன் ஷெட் பக்கத்தில் காம்பேக்டிங்காரர் காலடியில் அந்தத் துணி உருளையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலாளியைப் பார்க்க எட்டு மணிக்கே வந்துவிட்டாராம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அது எனக்குப் பொறுக்கவில்லை. டீ குடிக்க வந்தவன் போல அவரைத் தாண்டிப் போனேன். டீக்கடையில் கிளாஸைப் பிடித்தபடி யோசித்தேன். கை பொய் சொல்லிவிட்டது என்று நானே சொன்னால், ஐந்தாம் வகுப்புக்காரனிடம் மிச்சம் என்ன இருக்கும்? சொல்லாவிட்டால் அந்த மனிதரின் மெஷின் நிற்கும். டீ ஆறிப்போயிற்று. கை மட்டும் சூடானது.

திரும்பி வந்தபோது முதலாளி காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். காம்பேக்டிங்காரர் அவரை நோக்கி நடந்தார். நான் அவரை முந்திக்கொண்டு போனேன். வாழ்க்கையில் நான் ஒருவரை முந்தியது அதுதான் முதல் முறை.

“அண்ணா, அந்தத் துணி காஞ்சுதானுங்க இருக்குது. ஏசிக்குள்ள என் கைதானுங்க வெறச்சுப்போகுது. அது ஈரம்னு சொல்லிருச்சுங்க. இவரு மேல தப்பு இல்லீங்க.”

முதலாளி விவசாயக் குடும்பத்துக்காரர். எதையும் கையில் வாங்கிப் பார்த்தால்தான் நம்புவார். நாங்கள் மூவரும் உள்ளே போனோம். என்னைக் கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்து, பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“ஏனுங்க, ஐஸ்பொட்டிக்குள்ள வச்ச கையாட்ட இருக்குது. எத்தன நாளா இப்படி?”

“மாசியிலிருந்துங்க.”

“அப்ப இருந்து வாயும் வெறச்சுப்போச்சுங்களா?”

துணியோடு எல்லோரும் வாசலுக்கு வந்தோம். வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த காம்பவுண்டு சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து எடுத்துவிட்டுத் துணியைத் தொட்டேன். காய்ந்திருந்தது. காய்ந்திருந்தது மட்டுமல்ல, மூன்று தடவை சூட்டில் ஓட்டியதில் மொரமொரப்பாகி, மென்மை போயிருந்தது. அதையும் சொன்னேன். ஒன்றைச் சொன்ன பிறகு மற்றது தானாக வந்துவிடுகிறது.

“மூணு தடவ ஓட்டுனா மனுசனே மொரமொரப்பாத்தான் ஆவான்” என்றார் காம்பேக்டிங்காரர். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது மேனேஜரின் வேலை. அவர் ஒரு ரிப்போர்ட் அடித்து வந்து என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நான் கேட்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. படித்துச் சொன்னார்: காம்பேக்டிங்கில் ஈரம் இருந்தது, இப்போது சரி செய்யப்பட்டது. அது பொய்யாயிற்றே என்றேன். பரிசோதகரின் கை குளிர்ந்திருந்தது என்று பையருக்கு எழுத முடியாது, அப்படி எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை என்றார். கட்டம் இல்லாவிட்டாலும் ஓரத்தில் இடம் இருந்தது. ‘துணி முதலிலேயே காய்ந்திருந்தது. என் கைதான் குளிர்ந்திருந்தது’ என்று தமிழில் எழுதி அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பையருக்குத் தமிழ் தெரியாது. அன்று சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் போக வேண்டும். அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார்.

பையருக்குத் தமிழ் தெரியாததுதான் வினையாகப் போயிற்று. அடுத்த வீடியோ காலில், ஓரத்தில் கையால் எழுதியிருப்பது என்ன என்று பையர் தரப்பில் பேசிய அம்மா கேட்டார். மேனேஜருக்கு வேர்த்தது. ஏசிக்குள் உட்கார்ந்து ஒருவர் வேர்த்ததை அன்றுதான் பார்த்தேன். குளிர் என்ற சொல்லும் கை என்ற சொல்லும் மட்டும் அவருக்கு வாயில் வந்தன.

“கூல் ஹேண்ட் ஃபீல், மேடம்” என்றார்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. தொட்டால் குளுகுளுவென்று இருக்கும் துணிக்கு அங்கே கோடைக்காலத்தில் நல்ல கிராக்கியாம். அதைச் செய்வது எந்த யூனிட், பெயரைப் படிவத்தில் போடுங்கள், மற்ற துணியையும் அவர்களிடமே கொடுங்கள் என்றார். மேனேஜர் எழுந்து வந்து, காம்பேக்டிங்காரரின் நம்பர் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். எட்டு மேஜையும் தாண்டி வந்து கேட்டார்.

முதலாளி சொல்லி இருபத்தைந்துக்கு ஏற்றியிருந்த ஏசியை, பையர் கேட்ட குளிர்ச்சி வேண்டும் என்று சொல்லி மறுபடி பதினெட்டுக்கு இறக்கினார்கள். நான் இப்போது எல்லாத் துணியையும் வாசலில் நின்றுதான் பார்க்கிறேன். அதையும் ஒரு விதிமுறையாக ஃபைலில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

காம்பேக்டிங்காரர் அடுத்த வாரம் வந்தார். ஆர்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்தக் கூல் ஃபீலுக்கு எப்படி ஓட்டணும், அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“எப்பவும் போல ஒரே தடவ ஓட்டுங்க. போதும்” என்றேன்.

அவர் நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சீட்டைத் திருப்பி என் மேஜையில் வைத்தார்.

“எழுதித் தாங்க அண்ணாச்சி. தப்பா நெனச்சுக்கிடாதீங்க.”

இருபது வருடத்தில் என் சொல்லுக்கு யாரும் எழுத்துக் கேட்டதில்லை. கேட்க அவருக்கு நியாயம் இருந்தது. எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.