வெங்காயத்தாள் போடுவாயா?

கடலோர ஊரான போஹாங்கின் சந்தையில் நான் நெத்திலியும் உலர்ந்த கடற்பாசியும் விற்கிறேன். பக்கத்துக் கடை மால்சுன் அக்காவுடையது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய், கீரை, வறுத்த கருவாடு என்று வகை வகையாகச் செய்து வைத்திருப்பாள். நெத்திலியை இத்தனை வருஷமாக என்னிடம்தான் வாங்குகிறாள். ஆனாலும் நான் நிறுத்துப் போடும்போது தராசு முள்ளைவிட்டு அவள் கண் நகர்ந்ததே இல்லை. சொல்வதற்கென்ன, எனக்கு அதில் வருத்தம்தான்.

அவளுடைய சந்தேகத்துக்கு ஆள் பேதம் கிடையாது. முட்டைக்காரன் சின்ன முட்டைகளை அடியில் ஒளித்துத் தருகிறான். வங்கிப் பெண் இவ்வளவு சிரித்துப் பேசுகிறாள் என்றால் ஏதோ இருக்கிறது. முழங்காலில் அறுவை செய்த டாக்டர் சாப்பாட்டு நேரம் என்று அவசரத் தையல் போட்டுவிட்டார். ஆனால் எல்லோரையும்விட அவள் அதிகம் சந்தேகப்பட்டது மருமகனைத்தான். டங்கன் என்று பெயர், கனடாக்காரன். அவளுடைய ஒரே மகள் ஹேவோனைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறான். போனில் எதைச் சொன்னாலும் "எஸ், எஸ்" என்று தலையாட்டுவான்.

"எல்லாத்துக்கும் ஆமாம் போடுறவன் ஒண்ணும் செய்யமாட்டான். எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தாரு" என்பாள்.

ஹேவோனுக்குப் பிரசவம் நெருங்கியது. பிள்ளை பெற்றவளுக்கு வேளை தவறாமல் கடற்பாசி சூப் வைத்துக் கொடுக்க வேண்டும். அம்மாதான் போய்ச் செய்ய வேண்டும். ஆனால் இந்த முழங்காலோடு விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, கரண்டி டங்கன் கைக்குப் போகிறது. மால்சுன் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"பச்ச உடம்புக்காரிக்கு ஐஸ் தண்ணி குடுப்பாங்களாம் அங்க. எம் பொண்ணு எப்படிடி தேறுவா?"

"ஹேவோன்கிட்ட சொல்லுங்க அக்கா. அவ அவனுக்குச் சொல்லித் தரட்டும்."

"அவளா? பட்டினி கிடந்தாலும் சாப்பிட்டேம்மான்னுதான் சொல்லுவா. நான் அவன்கிட்டயே நேரா கேக்கணும்."

அதற்காகத்தான் பேட்டை அலுவலகத்தில் நடக்கும் ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். தனியாகப் போனால் டீச்சர் ஏமாற்றிவிடுவாள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பியோ டீச்சர் சின்னப் பெண். நாங்கள் கேட்டபடியே சமையல் வார்த்தைகளில் ஆரம்பித்தாள். 'பாயில்' என்றால் தளதளவென்று கொதிப்பது, 'சிம்மர்' என்றால் சிறுதீயில் கொதிப்பது என்றாள்.

மால்சுன் அக்கா என் காதில், "கொதிக்கிறது ஒண்ணுதானே. பாடத்த நீட்டுறாடி" என்றாள்.

அப்புறம் இனிமேல் நடக்கப் போவதைச் சொல்லும் பாடம் வந்தது. இப்போதுதான் மனதில் முடிவு செய்தால் 'ஐ வில்'. முன்பே திட்டம் போட்டு வைத்திருந்தால் 'ஐ ஆம் கோயிங் டு'. டீச்சர் பலகையில் எழுதி முடிக்கவில்லை, அக்கா கையைத் தூக்கினாள்.

"டீச்சரம்மா, பொய் சொல்றவன் இதுல எதச் சொல்லுவான்?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டையும் சொல்லுவாங்கம்மா."

"அப்ப எதுக்கு இதப் படிக்கணும்?" என்று முணுமுணுத்தாளே தவிர, ஒரு வகுப்பும் விடவில்லை. கீரை அலசும்போதும் "ஐ வில் வாஷ், ஐ வில் கட்" என்று அவள் வாய் ஓடிக்கொண்டே இருக்கும். வாங்க வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் நெத்திலியைப் பார்த்துக்கொள்வேன்.

பிரசவத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு காலையில் கடையிலிருந்தே டங்கனுக்குப் போன் போட்டாள். அங்கே அப்போது முந்தின நாள் சாயங்காலம். ஹேவோன் படுத்திருந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டாள். திரையில் டங்கன் வந்து குனிந்து வணங்கினான். அக்கா வணக்கமெல்லாம் சொல்லவில்லை.

கடற்பாசியை ஊறவைப்பாயா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எஸ் என்றான். மாட்டிறைச்சியை நல்லெண்ணெயில் வதக்குவாயா? எஸ். சிறுதீயில் ரொம்ப நேரம் கொதிக்க விடுவாயா? எஸ், எஸ். ஒவ்வொரு எஸ்ஸுக்கும் அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. இவன் வைக்கமாட்டான் என்றே நானும் நினைத்தேன்.

அப்போது அவள் கேட்டாள், "வெங்காயத்தாள் போடுவாயா?"

எங்கள் ஊரில் அந்த சூப்பில் யாரும் வெங்காயத்தாள் போடமாட்டோம். இரண்டும் வழவழப்பு, ஒத்துப்போகாது. வார்த்தை தடுமாறிவிட்டாள் என்று நினைத்து அவள் முழங்கையை இடித்தேன். அவள் என் தொடையில் கிள்ளினாள். தடுமாற்றம் இல்லை, வேண்டுமென்றே வைத்த பொறி.

டங்கன் படுக்கையறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். மாமியாரை எதிர்த்துப் பேசலாமா என்று யோசித்தானோ என்னவோ, முகம் சிவந்துவிட்டது.

"நோ" என்றான். "நோ, அம்மா."

"வொய்?" என்றாள் இவள், போலீஸ்காரி போல.

அவளுக்குப் புரியவேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். போன வாரம் போட்டுப் பார்த்தேன். நன்றாக இல்லை. கொட்டிவிட்டேன். சொல்லிவிட்டு போனைச் சமையலறைப் பக்கம் திருப்பினான். ஊறினால் பல மடங்கு உப்பும் என்று தெரியாமல் முழுப் பொட்டலத்தையும் ஊறப்போட்டிருக்கிறான் பாவி. கழுவுதொட்டி நிறைந்து, இரண்டு பானை நிறைந்து, சலவை வாளியிலும் கடற்பாசி தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் புதுசாகக் கல்யாணமானவர்கள் எல்லோரும் செய்கிற கூத்து. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மால்சுன் அக்கா சிரிக்கவில்லை. "ஓகே" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். முகத்தை ஏப்ரனால் துடைத்துக்கொண்டாள்.

"இல்லைன்னு சொல்லிட்டான்டி" என்றாள். "வெச்சுப் பாத்திருக்கான்."

"நானும் பாத்தேன் அக்கா."

"பிரசவத்துக்குக் குடுக்கறது இருக்குல்ல, நீளமானது. அத எடு. மடிச்சிராத. நீளப் பொட்டியா வாங்கி அனுப்பணும்."

அந்தக் கடற்பாசியை மடிக்கவும் கூடாது, அதற்கு விலை பேசவும் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அவளும் பேசவில்லை. ஆனால் தராசைப் பார்க்கக்கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை. நான் நிறுத்து முடிக்கும்வரை அணைந்துபோன போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், முள்ளின் பக்கம் திரும்பவே இல்லை.