கெண்டைக்கால் வலிக்கு எக்கார்ட் மாமாவின் வைத்தியம்

எக்கார்ட் மாமா இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரில் மக்னீசியம் மாத்திரையைப் போடுவார். அது நுரைத்து அடங்கும்வரை மேசையில் யாரும் பேசக் கூடாது. ஜெர்மனியின் காசல் நகரில் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். தீராத முதுகுவலி, தூக்கமின்மை வேறு. மாத்திரையால் இரண்டும் குறையவில்லை, பிரசங்கம்தான் கூடியது. குடும்பத்திலேயே முதலில் பல்கலைக்கழகம் போன என்னையும் அவர் விடவில்லை.

"படிச்சு என்னடா கண்ட? உனக்கும் மக்னீசியம்தான் கம்மி."

போன மார்ச்சில் அவர் மனைவி ரோஸ்விதா அத்தைக்கு இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தது.

"டாக்டர்கிட்ட போய்ட்டு வரேங்க."

"கெண்டைக்கால் வலிக்கு டாக்டரா? டிப்போவுல தெரிஞ்சா என்னைப் பாத்துச் சிரிப்பானுங்க. ரெண்டா போட்டுக் குடி."

அத்தை ஒரு வாரம் குடித்தாள். பிறகு மூச்சு முட்டிச் சமையலறையில் விழுந்தாள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருந்தது. பிழைத்துக்கொண்டாள்; ஆனால் மாடிப்படி ஏற இன்றும் திணறுகிறாள்.

மருத்துவமனைக்கு மாமா பூ கொண்டுவரவில்லை, மாத்திரைக் குழாயோடு வந்தார்.

"என்னை மாதிரி தினம் குடிச்சிருந்தா இது வந்திருக்குமா?"

இதை முட்டாள்தனம் என்று மன்னிப்பதா, ஆணவம் என்று வெறுப்பதா என்று யோசித்தேன். வெறுப்பதுதான் எனக்கு எளிதாக இருந்தது.

அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. "தப்பு உங்களோடதுன்னு ஒரு தடவை சொல்லுங்களேன்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார் மாமா.

அக்டோபரில் மாரடைப்பு வந்து செத்துப்போனார். அத்தை கேட்டதைக் கடைசிவரை சொல்லவே இல்லை.