பல் முளைக்கிற காய்ச்சல்

குழந்தைகள் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். அவள் தலையைக் கண்டதுமே பிள்ளைகள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டுவார்கள். அவளோ பேச்சுக் கொடுத்தபடியே குட்டிக் கையைத் தடவி நரம்பைக் கண்டுபிடித்து, அழுகை உச்சத்துக்குப் போவதற்குள் வேலையை முடித்துவிடுவாள். கெட்டிக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனாலும் அவளுக்கு ஒரு குறை. எடுத்த ரத்தத்தை உள்ளே அனுப்பியதோடு சரி. அந்தப் பிள்ளைக்கு என்ன நோய், தேறியதா இல்லையா, ஒன்றும் அவள் காதுக்கு வராது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனிடம் ஒருநாள் சொல்லியேவிட்டாள். அவன் நகரப் பேருந்து ஓட்டுபவன்.

"பாதிக் கதைல எழுப்பி வெளிய அனுப்பற மாதிரி இருக்குங்க. டாக்டருக்குப் படிக்கலாம்னு பார்க்கறேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் தட்டைத் தள்ளிவைத்தான்.

"ரெண்டு பொண்ணுங்களை வெச்சுக்கிட்டா?"

"அதுங்களும் படிக்குதுங்க, நானும் படிக்கறேன். வீடே பள்ளிக்கூடமா இருந்துட்டுப் போகட்டும்."

"அப்ப சமையல் யாரு?"

"என்னைப் பார்க்காதீங்க," என்றான் எதிரே உட்கார்ந்திருந்த அவன் தம்பி. தெருமுனையில் சலூன் வைத்திருப்பவன், கல்யாணம் ஆகாதவன். சமையல் அண்ணன் தலையில் விழுந்தது. தம்பி தப்பிக்கவில்லை, காலையில் இரண்டு பெண்களுக்கும் தலைவாரிப் பின்னிவிடும் வேலை அவனுக்கு வந்தது. சித்தப்பா போட்ட பின்னல் புயலடித்தாலும் அவிழாது என்று பள்ளியில் பேச்சு.

நுழைவுத் தேர்வில் முதல் தடவை கோட்டைவிட்டாள். அடுத்த தடவை இடம் கிடைத்தது. கல்லூரியில் அவள் முதல்நாள் வகுப்புக்குள் நுழைந்ததும், பேராசிரியர் வந்துவிட்டார் என்று பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். பாத்திரம் துலக்கிக்கொண்டே எலும்புகளின் பெயர்களை ஒப்பிப்பாள்; தப்பு விட்டால், புத்தகத்தோடு பக்கத்தில் நிற்கும் மூத்தவள், தான் அம்மாவிடம் வாங்கியதற்குப் பழிக்குப்பழியாகத் தலையில் ஒரு குட்டு வைப்பாள். நடுவில் மூன்றாவதாக ஒரு பையனும் பிறந்தான். படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனது. தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை.

குழந்தை மருத்துவப் பாடம் வந்தபோது அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்று பெற்றவள், ஊரார் பிள்ளைகள் எத்தனையோ பேரைக் கையாண்டவள். இதில் தனக்குப் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தாள்.

குழந்தைகள் வார்டில் நடந்த செய்முறைத் தேர்வில் அவளுக்குக் கொடுத்தது ஒரு கைக்குழந்தை. நல்ல காய்ச்சல், பால் குடிப்பதில்லை, ஓயாத சிணுங்கல். வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். குழந்தை அடங்கியது. விரலால் ஈறைத் தடவிப் பார்த்தாள்.

"பல்லு முளைக்குது சார். அதான் காய்ச்சல்."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "எப்படிச் சொல்றீங்க?"

"என் மூணு பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் சார் இருந்துச்சு."

"இவ்வளவு காய்ச்சலைப் பல்லு கொண்டு வராதும்மா. சிறுநீரைச் சோதிச்சுப் பார்க்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையே? இந்தக் குழந்தைக்குச் சிறுநீரகத்துல கிருமி. நேத்தே கண்டுபிடிச்சு மருந்து போயிட்டிருக்கு." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நீங்க உங்க வீட்டுப் பிள்ளைங்களைப் பார்த்தீங்க. இந்தப் பிள்ளையைப் பார்க்கலை."

மற்ற பாடமெல்லாம் தேறி, அந்த ஒன்றில் மட்டும் தோற்றாள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"இங்க பாரு," என்றான் கணவன். "புதுசா ஓட்டறவன் பயந்து பயந்துதான் திருப்புவான். நல்லா ஓட்டத் தெரிஞ்சவன்தான் போய்ச் சுவத்துல உரசுவான். நானே உரசியிருக்கேன்."

"நானும் ஒருத்தர் காதுல கத்தரியை வெச்சவன்தான் அண்ணி," என்றான் தம்பி. "அந்த மனுஷன் இப்பவும் எங்கிட்டத்தான் வர்றாரு. காதை மட்டும் கையால மூடிக்குவாரு."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

மறுபடி அதே வார்டுக்குப் போனாள். தான் தாய் என்பதை மறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையையும், இதற்குமுன் குழந்தையையே பார்க்காதவள் போல உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்க்கப் பழகினாள். தேறினாள். பிடிவாதமாகக் குழந்தை மருத்துவத்திலேயே மேற்படிப்பும் படித்தாள்.

இப்போது, முன்பு ரத்தம் எடுத்த அதே மருத்துவமனையில் மாடியில் அவளுக்கு ஓர் அறை. வீட்டுக்குக் கிளம்புமுன் வார்டை ஒரு சுற்றுச் சுற்றி, காலையில் சேர்த்த பிள்ளை கண் திறந்ததா, கஞ்சி குடித்ததா என்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவாள். மூத்தவள் இயந்திரப் பொறியியல் படிக்கப் போய்விட்டாள். எலும்பே வேண்டாம், இரும்பு போதும் என்றாளாம்.

கடைக்குட்டிக்குத்தான் பெரிய சங்கடம். பரீட்சையன்று, "வயிறு வலிக்குதும்மா," என்று போர்வைக்குள் முனகினான். வேறு வீடாக இருந்தால் பலித்திருக்கும். அவள் அவனை நிமிர்த்திப் படுக்கவைத்து, கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, அவசரமில்லாமல் வயிற்றின் நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். அவன் கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரித்தான்.

"ஒண்ணுமில்லைடா. எழுந்து பல்லு விளக்கு," என்றாள் டாக்டர்.