மலை இருக்கும் பக்கம்

நான் வாங்கியது எட்டு வருடம் ஓடிய கார்தான். ஆனால் என்ன கார்! தோல் சீட்டு, கூரையில் கண்ணாடி, கதவைச் சாத்தினால் கனமாக ஒரு சத்தம். சென்னையில் ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி. புதிதாக வாங்குவதென்றால் எனக்கு ஏழு ஜென்மம் வேண்டும்.

அதற்காக எங்கள் பழைய சின்னக் காரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டேன். அங்கேதான் என் புத்தி கெட்டது. அந்தச் சின்னக் காரில்தான் என் மனைவி ஓட்டக் கற்றுக்கொண்டாள். கீழ்பென்னாத்தூரில் அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கு ஆறு வருடமாகத் தானே ஓட்டிப் போய் வந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய வண்டியை அவள் கையில் கொடுக்கவும் எனக்கு மனசு வரவில்லை.

"கீறல் விழுந்தா தாங்காதும்மா" என்றேன்.

அவள் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். பேசாமல் மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனாள். ஒரு மாதம் அந்தக் காரில் கால் வைக்கவில்லை. கேட்டதற்கு, "மலையைச் சுத்தாத வண்டியில நான் ஏற மாட்டேன்" என்றாள். எங்கள் ஊரில் மலையே சாமி; வண்டி வாங்கினால் அதைச் சுற்றிக் கிரிவலம் வருவது வழக்கம். அப்பாடா, இவ்வளவுதானா என்று நினைத்தேன், மடையன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் எதிரில் பூஜை போட்டோம். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அவள் முன்சீட்டில் என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். செங்கம் ரோட்டில் ஸ்பீடு பிரேக்கர் ஜாஸ்தி, என் வண்டியோ தாழ்ந்த வண்டி, அடி தட்டும். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் காஞ்சி ரோட்டுப் பக்கம் திருப்பினேன்.

மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலை வரை வண்டியின் பெருமையை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, மலை ஏன் என் பக்கம் வருது?"

அப்போதுதான் உறைத்தது. கிரிவலத்தில் மலை வலது கைப்பக்கம், அதாவது டிரைவர் பக்கம் இருக்க வேண்டும். இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். காரின் அடிவயிற்றைக் காப்பாற்றப் போய் சாமியை இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன்.

"அய்யோ சாமி! வண்டிக்கு வலிக்கும்னு எல்லாரும் போற வழிக்கு எதிரா வந்துட்டீங்களே" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "என் வண்டியக் குடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மாதமாக அவள் சொல்லாமல் சொன்னது இதைத்தான்.

"தப்புதான்" என்றேன். இறங்கிப் போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்து சாவியை நீட்டினேன். "நீயே ஓட்டு."

"கீறல் விழுமே?"

"விழட்டும்."

சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கீழே பார்த்தாள். "கிளட்ச்சே இல்லையா? இதுக்கா இவ்ளோ பில்டப்பு!" வண்டியைத் திருப்பி, அங்கிருந்தே சுற்றை ஆரம்பித்தாள். காஞ்சி ரோடு, ஊர், கடைசியில் செங்கம் ரோடு. முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே அடி கரகரவென்று உரசியது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

வழி முழுக்க மலை வலது பக்கமாகவே வந்தது. இப்போதும் அவள் பக்கம்தான்.

"நாளைக்கு ஸ்கூலுக்கு இதைத்தான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள். என்னைக் கேட்கவில்லை.