ஜூன் பத்துக்குள்

ஒருவர் சொன்ன விலைக்கு இன்னொருவர் தபாலில் சம்மதம் தெரிவித்தால், அந்தக் கடிதம் தபாலில் சேர்ந்த கணத்திலேயே விலை சொன்னவர் கட்டுப்பட்டுவிடுகிறார். கடிதம் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தச் சட்டம், நான்காவது பிரிவு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விழித்திருந்த சில நாட்களில்தான் அது நினைவுக்கு வரவில்லை.

திருவொற்றியூரில் இரண்டு குடித்தனம் உள்ள ஒரு வீடு விலைக்கு வந்தது. ஓய்வூதியத்தோடு அந்த வாடகையும் சேர்ந்தால், மருந்துக் கடைக்குப் போகும் முன் மகனிடம் வாய் திறக்க வேண்டியிருக்காது. வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில் நின்றது. எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார், பணம் தேவை, அதனால்தான் விற்கிறார் என்று தரகர் சொன்னார்.

வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், சொத்து வரி ரசீது எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கேட்ட விலையும் நியாயமாகவே இருந்தது. ஆகவே நான்கு லட்சம் குறைத்துக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

"நேர்ல போய்ப் பேசிட்டு வாங்களேன். இதுக்கு ஒரு லெட்டரா?" என்றாள் மனைவி.

"எழுத்தில் இருக்கணும்" என்றேன்.

எழுதினேன். ஜூன் பத்தாம் தேதிக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் இந்த விலை காலாவதி ஆகும் என்பது கடைசி வரி. பத்து என்று சும்மா போடவில்லை. தடைக்காலம் பதினான்காம் தேதி நள்ளிரவோடு முடிகிறது. படகு கடலுக்குப் போய் மீனோடு திரும்பிவிட்டால், அந்த மனிதரிடம் நான்கு லட்சம் குறைக்க முடியாது. என் சாமர்த்தியத்தை நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். உறையின் மூலையில், ஓய்வு பெற்ற ஆண்டில் செய்துவைத்த முகவரி ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி, என் முகவரியைக் கையால் எழுதிய ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நான்காம் நாள் அட்டை அவர் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

தபால்காரர் வரும் நேரத்தில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். முதலில் அவரிடம் விசாரித்தேன். பிறகு அவரே தெருமுனையிலிருந்து இல்லை என்று கையை ஆட்டத் தொடங்கினார். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளை எண்ணினேன். எண்ணிக்கை தவறியதும் மறுபடி முதலிலிருந்து. தரகரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என் அவசரம் தெரிந்துவிடும். ஜூன் பத்து மாலையோடு என் கடிதம் சட்டப்படி செத்துப்போனது. பதினொன்றாம் தேதி காலையிலும் வாசலில் நின்றேன்.

"கெடு முடிஞ்சு போச்சுன்னீங்களே, இன்னும் என்ன வாசல்ல?" என்றாள் மனைவி.

"காற்று வாங்குறேன்."

பதின்மூன்றாம் தேதி பொறுக்கவில்லை. இன்னும் ஒரு நாள்தான். படகு போய்விட்டால் வீடும் போய்விடும். காசோலைப் புத்தகத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி வலைக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தார்.

"வா சார், வா. இன்னா, நேர்லயே வந்துட்ட?" என்றார் வீட்டுக்காரர்.

பதிலுக்காகக் காத்திருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "இந்தப் பக்கம் ஒரு வேலை" என்றேன்.

"உன் பத்தாந்தேதி சூட்சுமம் எங்களுக்குப் புரிலன்னு நென்ச்சியா சார்? பதினாலு நைட்டு கெளம்பிட்டா நாங்க மடங்க மாட்டோம்னுதானே? படா ஆளு சார் நீ!"

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. கிண்டல் செய்கிறார் என்றால் மறுத்துவிட்டார் என்றுதானே பொருள்?

"இன்னும் ரெண்டு லட்சம் சேர்த்துத் தரேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னை.

"இன்னாத்துக்கு சார்?"

"நியாயம்னு ஒண்ணு இருக்கில்லையா?" என்றேன், நீதிபதி போல.

"குடுக்கறவர இன்னாத்துக்குய்யா நோண்டிகினு கீற? வாங்கிக்க" என்றார் அந்த அம்மாள்.

வலை மேலேயே தாளை வைத்துப் புது விலையை எழுதினேன். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். முன்பணத்துக்குக் காசோலை கொடுத்தேன். "பெரிய மன்சு சார் உனக்கு. கடலுக்குப் போய்ட்டு வந்து வஞ்சிரம் அனுப்பறேன்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீடு திரும்பும்போது நடையில் ஒரு மிடுக்குகூட இருந்தது.

சில நாள் கழித்துத் தபால்காரர் கையாட்டாமல் நேராக வந்தார். உறையில் பெரம்பூர் முகவரி. அந்த வீட்டைக் காலி செய்து இராயபுரத்துக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ரப்பர் ஸ்டாம்பை மட்டும், நன்றாகத்தானே இருக்கிறது என்று, தூக்கி எறியவில்லை. என் உறையில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். 'இங்கே இல்லை, இராயபுரம்' என்று யாரோ சிவப்பு மையில் திருத்தியிருந்தார்கள்.

உள்ளே பள்ளிக்கூடத்துப் பெண்ணின் குண்டு குண்டான கையெழுத்து, அடியில் வீட்டுக்காரருடைய ஒப்பம். 'பார்வை: தங்கள் கடிதம்' என்று முறைப்படி தொடங்கி, ஒரே வரி: தாங்கள் குறிப்பிட்ட விலைக்கே எங்களுக்குச் சம்மதம்.

தபாலில் சேர்த்தது ஜூன் எட்டு. என் கையில் கிடைத்தது ஜூன் பதினேழு.