காலண்டர் தாளில் போட்ட கணக்கு

என் மகளுக்குக் கணக்கு வராது என்று யாரும் சொன்னதில்லை. கணக்கு வரும், விடைதான் வராது. பொறியியல் நுழைவுத் தேர்வில் முதல் முறை அவள் கோட்டைவிட்டது தெரியாத கேள்விகளில் அல்ல, தெரிந்த கேள்விகளில். ஒரு வரியில் பதினாறு என்று எழுதியதை அடுத்த வரிக்குப் பத்தாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். மைனஸ் பாதி வழியில் காணாமல் போகும். தப்பு விடைக்கு மதிப்பெண்ணைக் கழிப்பார்கள். எதுவும் தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கழிப்பதில்லை. உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது.

இன்னொரு வருடம் படித்து மறுபடி எழுதட்டும் என்று முடிவானது. அதிலும் தேறாவிட்டால், என் மனைவியின் அண்ணன் தனக்குத் தெரிந்த கல்லூரியில் வணிகவியலில் சேர்த்துவிடுவார். அவளுக்கு வேண்டியது எலக்ட்ரானிக்ஸ். "எதைப் படிச்சா என்னங்க மாப்ள, படிப்பு படிப்புத்தானுங்களே" என்றார் மச்சான். எதையும் படித்ததில்லை என்பதால் அவருக்கு அந்தத் தெளிவு இருந்தது.

நான் பத்தாவது வரை படித்தவன். நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லில் மூட்டை எடை போடுகிறேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்க வேண்டுமென்றால் எனக்கு வேர்த்துவிடும். பேசாத ஆள் என்பதால் எனக்கு ஏதோ அறிவு இருப்பதாகச் சிலர் நம்புகிறார்கள். வாயைத் திறந்து அதை நான் கெடுத்துக்கொள்வதில்லை.

கோச்சிங் சென்டரில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். கணக்கு ஆசிரியர் அவளுடைய தாளை எங்கள் முன்னால் விரித்தார்.

"பாருங்க, முறை எல்லாம் சரியா இருக்குது. கவனக்குறைவு. அதுதான் இவளுக்கு வியாதி."

"அதுக்கு என்னங்க சார் பண்ணோணும்?" என்றாள் என் மனைவி.

"கவனமா இருக்கோணுங்க."

இந்த வைத்தியத்தைக் கேட்கத்தான் நான் அரை நாள் லீவு போட்டிருந்தேன்.

மச்சான் ஜாதகம் பார்த்துவிட்டு வந்தார். புதன் பலமில்லையாம், கிரகக் கோளாறாம். கையோடு பாதாம் பருப்பும் வாங்கி வந்திருந்தார். மனைவி தினமும் வல்லாரைத் துவையல் அரைத்தாள். அதைத் தின்று என் ஞாபகசக்தி நன்றாக வளர்ந்தது. மறக்க நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. மகள் சாப்பிட உட்கார்ந்தால் "கவனம் சாமி", செருப்பு மாட்டினால் "கவனம் கண்ணு". கவனத்தைப் பற்றி நாங்கள் பேசித் தீர்த்ததில் அவள் கவனமாக இருக்க நேரமே இல்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலேயே மாதிரித் தேர்வு. மூன்று மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பது என் வேலை. என் தகுதிக்கு ஏற்ற பதவி எனக்குக் கிடைத்தது அந்த ஒரு முறைதான்.

அப்படி ஒரு ஞாயிறு, தேர்வு முடிந்ததும் அவள் கணக்குப் போட்டுப் பார்த்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் தினசரிக் காலண்டர் தாள்கள். தினமும் காலையில் தேதி கிழித்து, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று கிளிப்பில் சேர்த்து வைப்பவன் நான்தான். நோட்டு வாங்க வழியில்லாமல் அல்ல. ஒரு பக்கம் வெள்ளையாக உள்ள தாளைக் குப்பையில் போட எங்கள் வீட்டில் யாருக்கும் கை வராது. இதை நான் நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளங்கை அகலத் தாளில் ஐந்து கணக்குகள். எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. ஆறுக்கு வால் வைக்க இடமில்லாமல் அது பூஜ்யமாகியிருந்தது. ஓரிடத்தில் மூன்றுக்கு முன்னால் ஒரு மைனஸ். அந்த மைனஸால்தான் முழுக் கணக்கும் கவிழ்ந்திருந்தது. ஆனால் அது பேனாக் கோடு மாதிரி இல்லை. தாளைத் திருப்பினேன். ராகு காலம் 7.30 – 9.00. நடுவில் இருந்த கோடு மெல்லிய தாளில் பின்பக்கம் தெரிந்திருக்கிறது. மச்சான் சொன்ன கிரகக் கோளாறு உண்மைதான். அதைச் சுவரில் மாட்டிவைத்தவன் நான்.

கோச்சிங் சென்டர் தேர்வில் நல்ல வெள்ளைத் தாள்தானே கொடுக்கிறார்கள் என்று அதையும் எடுத்துவரச் சொன்னேன். பெரிய தாளின் ஒரு மூலையில், அதே உள்ளங்கை அகலத்தில், எல்லாக் கணக்குகளும் ஒண்டிக்கொண்டிருந்தன.

"மீதியெல்லாம் வெள்ளையாக் கெடக்குதே சாமி?"

"வேஸ்டாப் போயிருமுங்கப்பா."

"போனாப் போகுது."

"நீங்கதானே சொல்லுவீங்க, பேப்பர் என்ன மரத்துலயா காய்க்குதுன்னு? மரத்துலதாங்கப்பா வருது."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அப்ப புள்ளையை இத்தனை நாளும் திட்டுனதெல்லாம்? மில்லுல மூட்டையாவது ஒழுங்கா எடை போடறீங்களா?"

நான் கிளிப்பில் மீதியிருந்த காலண்டர் தாள்களைக் கழற்றி எடுத்தேன்.

மறுநாளே ஒரு கட்டு வெள்ளைத் தாள் வாங்கினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கணக்கு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒரு விரல் இடைவெளி. தப்புகள் முழுதாகப் போகவில்லை, பாதியாகக் குறைந்தன. ஆசிரியர் "இப்பத்தான் கவனம் வந்திருக்குது" என்றார். எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புதிதாக ஒரு சிக்கல் முளைத்தது. தேர்வு மையத்தில் கொஞ்சம் தாள்தான் கொடுப்பார்கள். தீர்ந்தால் கை தூக்கிக் கேட்க வேண்டும். என் மகளுக்கு என் முகச்சாடை வரவில்லை, கூச்சம் மட்டும் அப்படியே வந்திருக்கிறது. பஸ்ஸில் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற பெண். "கேக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்கப்பா. திரும்பியும் சின்னதாவே எழுதிக்கிறேன்" என்றாள். அவளுக்குத் தைரியம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும் பல தடவை அப்படி நடந்து வந்தவன்தான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலே தாள் கொடுத்தோம். மேற்பார்வையாளர் வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். அதற்கு அவளுக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை.

"மேடம், பேப்பர்."

"இப்பத்தானே குடுத்தேன், தின்னுபோட்டியா?"

முதல் வாரம் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நாலாவது வாரம், "ஆமாங்க மேடம், உப்புத்தான் கொஞ்சம் கம்மி. இன்னொண்ணு குடுங்க" என்றாள்.

தேர்வு சேலத்தில். வாசலில் நின்ற பெற்றோர்கள் மூன்று மணி நேரமும் தங்கள் பிள்ளைகளின் அறிவைப் பற்றிப் பேசினார்கள். எல்லாருமே முதல் இடம் வருகிற பிள்ளைகள். நான் ஓரமாக நின்றேன். மகள் வெளியே வந்ததும் கேள்வித்தாள் எப்படி என்று கேட்கவில்லை.

"கேட்டியா?"

"ரெண்டு வாட்டி கேட்டனுங்கப்பா. ரெண்டாவது வாட்டி அந்த மேடம் மொறைச்சாங்க. நான் கையை எறக்கவே இல்லையே."

முடிவு வந்தது. ஊர் மெச்சும் மதிப்பெண் இல்லை. ஆனால் கேட்ட எலக்ட்ரானிக்ஸ் கிடைத்தது. அதற்கு வேண்டியதை விட ஒரே ஒரு கேள்வி அளவுக்குத்தான் அதிகம் வாங்கியிருந்தாள்.

"ரெண்டாவதா வாங்குன தாளுல என்ன சாமி போட்ட?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஒரே ஒரு கணக்குங்கப்பா. மூணாவது வரியில மைனஸை உட்டிருந்தேன். பெருசா எழுதுனதால உடனே கண்ணுல பட்டுது, திருத்திட்டேன்."

"மீதித் தாளு?"

"வெள்ளையாவே குடுத்துட்டு வந்துட்டனுங்க."

நல்லது என்றேன். சொல்லும்போது வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது.