பெரிதாகக் காட்டாத பைனாகுலர்

எங்கள் வீட்டில் இரண்டு பைனாகுலர்கள் உண்டு. பன்னிரண்டு மடங்கு பெரிதாக்குவது என் கணவருடையது. எட்டு மடங்கு என்னுடையது. "எம்புட்டுப் பெருசாத் தெரியுதோ அம்புட்டு நல்லது" என்பது அவர் கட்சி. நான் வாதாடவில்லை. திருப்பரங்குன்றத்தில் எங்கள் மொட்டைமாடியில் நின்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு முருங்கையைப் பார்த்தால் இரண்டிலுமே ஒரு கொப்புதான் தெளிவாக இருந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் இருந்த இலைகள் மங்கிப்போயின. தூரத்து வயல்களில் கதையே வேறு. என்னுடையதில் ஒரு மின்கம்பத்துக்குச் சரிசெய்துவிட்டால், அதற்கு வெகுமுன்னாலிருந்து அடிவானம்வரை எல்லாமே தெளிவு. தெளிவைச் சரிசெய்யும் சக்கரத்தைத் தொடவே வேண்டாம். அவருடையதில் அடிக்கடி திருக வேண்டியிருந்தது. பெரிதாகக் காட்டக் காட்ட, தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடுகிறது.

சென்ற மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோழவந்தான் பக்கம் குலசாமி கோயிலில் கிடாவெட்டு. அருகில் கண்மாய் நிறைந்து கிடந்ததால், பறவை பார்க்கலாமென்று இருவரும் பைனாகுலர்களைக் கொண்டுபோயிருந்தோம். முதல் பந்தி நடக்கும்போது என் நாத்தனார் ஓடிவந்தாள்.

"மதினி, மாமாவக் காணோம்! கைகழுவப் போனாரு, ஆளையே காணோம்."

அவளுடைய மாமனாருக்குச் சில காலமாக நினைவு தப்புகிறது. வீட்டுக்கு வழியும் தெரியாது, கூப்பிட்டால் பதிலும் வராது. ஆண்கள் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். நானும் என் கணவரும் கண்மாய்க் கரைமேல் ஏறினோம்.

கீழே கருவேலங்காடும் புல்வெளியுமாக நெடுந்தூரம் விரிந்து கிடந்தது. மேய்கிற மாடுகளைச் சுற்றி எங்கும் கொக்குகள். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரை அதில் எப்படித் தேடுவது? என் கணவர் ஒவ்வொரு மரமாகப் பிடித்துச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

நான் தூரத்து மரமொன்றுக்குச் சரிசெய்துகொண்டு, விரலை எடுத்துவிட்டேன். இடமிருந்து வலமாக நிதானமாக நகர்த்தினேன். கருவேலம் வரிசை வரிசையாகத் தெளிவாக வந்தது. கொக்குகள் எழுந்து பறந்தன. ஒரு வெள்ளை மட்டும் பறக்கவில்லை.

"ஏங்க, அந்தா இருக்காரு! மடைக்கு அங்கிட்டு, மாட்டுப் பக்கத்துல உக்காந்திருக்காரு."

"நெசமாவா? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"நீங்க எறங்கி நடங்க. நான் போன்ல வழி சொல்றேன்."

அவர் இறங்கி நடந்தார். காட்டுக்குள் அவருக்குத் திசை புரியவில்லை. எனக்கோ, மரங்களுக்கிடையே நடக்கிற அவரும் அப்பால் உட்கார்ந்திருக்கிற பெரியவரும் ஒரே பார்வையில் தெளிவாகத் தெரிந்தார்கள். "இடது கைப்பக்கம் திரும்புங்க... இன்னும் கொஞ்சம்... அந்த மாட்டச் சுத்திப் போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பெரியவரின் தோளில் அவர் கை வைத்த பிறகுதான், பின்னாலேயே ஏறி வந்து நின்ற நாத்தனாரிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். அவள் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு அழுதாள்.

கரைக்கு வந்ததும் பெரியவர் எங்கள் எல்லாரையும் வரிசையாகப் பார்த்தார்.

"கறி இருக்கா, தீந்துபோச்சா?" என்றார்.

அடுத்த பந்தியில் அவருக்கு நானே பரிமாறினேன்.